தமிழ்நாட்டில்தான் வரி அதிகமா? ஒரு சிவகாசி குடும்பத்தின் கணக்கை வைத்து பக்கத்து மாநிலங்களோடு ஒரு ஒப்பீடு



"கர்நாடகாவுல பத்திரச் செலவு நம்ம ஊரை விட கம்மியாமே?" "பாண்டிச்சேரி நம்பர் போட்டா கார்ல லட்சக்கணக்குல மிச்சமாமே?" "கேரளாக்காரங்க பெட்ரோலுக்கு நம்மள விட அதிகமா குடுக்குறாங்களாமே?" விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் இருக்குற நம்ம வாசகர்கள்கிட்ட இருந்து தீபாவளி போனஸ் சீசன்ல வர்ற கேள்விகள் இவை. போனஸ் பணம் கையில வந்ததும் ஒரு வண்டி, ஒரு மனை, முடிஞ்சா ஒரு சின்ன வீடுன்னு யோசிக்கிற நேரம் அது. அப்போதான் வரி எவ்வளவு போகுதுன்னு உறைக்கும்.

அதனால இந்தப் பதிவுல அரசியல் பேச்சை ஓரமா வச்சுட்டு, கணக்கை மட்டும் பார்ப்போம். விகிதங்கள் எல்லாம் 2025 இறுதி நிலவரம். நீங்க பணம் கட்டுற அன்னைக்கு ஒருமுறை சரிபார்த்துக்கோங்க.

முதல்ல ஒரு விஷயம்: எல்லா வரியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறாது

சோப்பு, செல்போன், ஃப்ரிட்ஜ், பட்டாசு இதுக்கெல்லாம் ஜிஎஸ்டி. சிவகாசியில வாங்கினாலும் சிம்லாவுல வாங்கினாலும் ஒரே விகிதம்தான். வருமான வரியும் அப்படித்தான். இந்த ரெண்டையும் வச்சு "எங்க மாநிலத்துல அதிகம்"னு சொல்லவே முடியாது.

2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி வந்தப்போ பட்டாசுக்கு 28% போட்டாங்க. அதே வருஷம் நவம்பர்ல அது 18% ஆனது. ரெண்டு முடிவுமே ஜிஎஸ்டி கவுன்சில் எடுத்தது. தமிழ்நாடு அரசு நினைச்சா மட்டும் ஒரு சதவீதத்தைக்கூட ஏத்தவும் முடியாது, இறக்கவும் முடியாது.

அப்போ மாநிலத்தோட கையில என்னதான் மிச்சம்? பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி. உள்ளாட்சி மூலமா தொழில் வரி, சொத்து வரி. மாநிலங்களுக்குள்ள வித்தியாசம் முழுக்க இந்தச் சின்னப் பட்டியலுக்குள்ளதான் இருக்கு.

வரலாற்றுல ஒரு சுவாரசியம்: இந்தியாவுலேயே முதல்முதலா பொது விற்பனை வரி கொண்டு வந்தது நம்ம சென்னை மாகாணம்தான். 1939-ல ராஜாஜி அரசு. மதுவிலக்கால போன வருமானத்தை ஈடுகட்ட வந்த வரி அது. அந்த விற்பனை வரி பிறகு வாட் ஆகி, கடைசியில ஜிஎஸ்டியில கலந்துபோச்சு.

பெட்ரோல் பங்க்கில்: நாம கொஞ்சம் தப்பிச்சிருக்கோம்

தமிழ்நாட்டுல பெட்ரோலுக்கு வாட் 13%, கூடவே லிட்டருக்கு ₹11.52. டீசலுக்கு 11%, கூடவே ₹9.62. மத்த மாநிலங்கள்ல பெட்ரோலுக்கு:

- கர்நாடகா: 29.84%
- தெலங்கானா: 35.2%
- ஆந்திரா: 31%, கூடவே லிட்டருக்கு ₹4, சாலை செஸ் ₹1
- கேரளா: சுமார் 30%, அதன் மேல் கூடுதல் வரி, செஸ், 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு ₹2 சமூகப் பாதுகாப்பு செஸ்

விலையில பார்த்தா சென்னையில லிட்டர் சுமார் ₹101, பெங்களூருல ₹103, ஹைதராபாத், திருவனந்தபுரத்துல ₹107.

நம்ம வரியில ஒரு பகுதி சதவீதம், ஒரு பகுதி நிலையான ரூபாய். 2020 மே மாசம்தான் இந்த முறைக்கு மாறினாங்க. கச்சா எண்ணெய் விலை ஏறும்போது, முழுக்க சதவீதமா வசூலிக்கிற மாநிலங்கள்ல வரியும் கூடவே ஏறும். நம்ம ஊர்ல அந்த ஏற்றம் குறைவு. ஆனா விலை இறங்கும்போதும் அந்த ₹11.52 அசையாது.

பத்திர ஆபீஸ்ல: இங்கதான் நமக்கு அடி

தமிழ்நாட்டுல கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை, சொத்து மாற்று வரி சேர்த்து 7%. பதிவுக் கட்டணம் 2%. மொத்தம் 9%. மத்தவங்க?

- கேரளா: 8% + 2% = 10%
- கர்நாடகா: 5% முத்திரைத் தீர்வை, அதன் மேல் செஸ், சர்சார்ஜ் சேர்த்து நகரத்துல 5.6%. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 1%-ல இருந்து 2%. மொத்தம் சுமார் 7.6%
- ஆந்திரா, தெலங்கானா: 7.5%
- மும்பை: 6% முத்திரை, பதிவுக் கட்டணம் 1%. ஆனா அந்த 1% எவ்வளவு பெரிய சொத்தா இருந்தாலும் ₹30,000 தாண்டாது

கேரளாவைத் தவிர இந்தப் பட்டியல்ல எல்லாருமே நம்மள விடக் குறைவு.

இதுல விகிதத்தை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். 2023-ல "பதிவுக் கட்டணம் 4%-ல இருந்து 2% ஆகக் குறைப்பு"ன்னு செய்தி வந்தது ஞாபகம் இருக்கா? அதே அறிவிப்புல வழிகாட்டி மதிப்பை 2017-க்கு முந்தைய அளவுக்குத் திருப்பி ஏத்தினாங்க. அதுக்கு முன்னாடி, 2017 ஜூன்ல வழிகாட்டி மதிப்பை 33% குறைச்சு, பதிவுக் கட்டணத்தை 1%-ல இருந்து 4% ஆக்கியிருந்தாங்க. 2017-ல வழிகாட்டி மதிப்பு ₹30 லட்சம் இருந்த ஒரு வீட்டை வச்சு மூணு காலத்தையும் போட்டுப் பாருங்க:

- 2017 ஜூனுக்கு முன்: ₹30 லட்சம் × 8% = ₹2,40,000
- 2017 முதல் 2023 வரை: ₹20.10 லட்சம் × 11% = ₹2,21,100
- 2023 ஏப்ரல் அறிவிப்புப்படி: ₹30 லட்சம் × 9% = ₹2,70,000

விகிதம் 11%-ல இருந்து 9% ஆகக் குறைஞ்சது. வழிகாட்டி மதிப்புக்குப் பதிவு பண்றவர் கட்டற பணம் ஏறிடுச்சு! உண்மையான கிரய விலையையே பத்திரத்துல காட்டுறவருக்கு மட்டும்தான் 2% நிஜமான லாபம். அந்த மதிப்பு உயர்வு கோர்ட் வரைக்கும் போய், பிறகு 2024 ஜூலை 1 முதல் புதிய வழிகாட்டி மதிப்புகள் வந்தன. அதனால உங்க தெருவோட இன்றைய மதிப்பு என்னன்னு பார்க்காம விகிதத்தை மட்டும் பேசுறதுல பிரயோஜனமே இல்லை.

ஷோரூம்ல: ஒரு ஆயிரம் ரூபாய் தாண்டினா கதையே மாறும்

2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டுல கார்களுக்கு ஆயுட்கால வரி இப்படி:

- ₹5 லட்சம் வரை: 12%
- ₹5 முதல் 10 லட்சம்: 13%
- ₹10 முதல் 20 லட்சம்: 18%
- ₹20 லட்சத்துக்கு மேல்: 20%

கர்நாடகாவுல இதே படிகளுக்கு 13%, 14%, 17%, 18%. கர்நாடகாவுல அந்த வரி மேல செஸ் தனி. ஆக ₹9 லட்சம் காருக்கு நம்ம ஊர்ல ₹1,17,000, அங்க ₹1,26,000-க்கு மேல். ₹15 லட்சம் காருக்கு நம்ம ஊர்ல ₹2,70,000. சின்ன காருக்கு நாம பரவாயில்லை.

இதுல கவனிக்க வேண்டியது ₹10 லட்சம் எல்லை. வருமான வரி மாதிரி எல்லைக்கு மேல உள்ள தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் இல்லை. முழு விலைக்கும் 18%. ₹9.90 லட்சம் மாடலுக்கு வரி ₹1,28,700. ₹10.20 லட்சம் மாடலுக்கு ₹1,83,600. அதாவது ₹30,000 கூடுதல் விலைக்கு ₹54,900 கூடுதல் வரி! சன்ரூஃப் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதை சேல்ஸ்மேன்கிட்ட எழுதிக் கேளுங்க.

பைக்குக்கும் இதே கதைதான். ₹1 லட்சம் வரை 10%, தாண்டினா 12%.

அப்போ பாண்டிச்சேரி ரெஜிஸ்ட்ரேஷன்? அங்க வரி குறைவுதான், உண்மை. ஆனா அங்க முகவரி இருக்கணும், வண்டி அங்க ஓடணும். வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா அந்த மாநிலத்துல மறுபதிவு பண்ணணும்னு மோட்டார் வாகனச் சட்டமே சொல்லுது. 2017-ல கேரளாவுல சினிமா நடிகர்கள் சிலர் இப்படி பாண்டிச்சேரி முகவரியில சொகுசு கார் பதிவு பண்ணி வழக்கு வரைக்கும் போனது. சிவகாசியிலயே ஓட்டப்போற வண்டிக்கு இது வேண்டாத வேலை.

தொழில் வரி: சின்னத் தொகை, ஆனா சின்னச் சம்பளத்தைத்தான் பிடிக்குது

அரசியலமைப்புச் சட்டப்படி தொழில் வரி ஒருத்தருக்கு வருஷத்துக்கு ₹2,500 தாண்டக் கூடாது. தமிழ்நாட்டுல உள்ளாட்சிகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்குது. அரையாண்டு வருமானம் ₹75,000 தாண்டினாலே மேல் படிக்குப் போயிடுவீங்க. மாசத்துக்கு ₹12,500-க்கு மேல சம்பளம்னாலே மேல் படி!

கர்நாடகாவுல மாசம் ₹25,000-க்குக் கீழ சம்பளம்னா தொழில் வரியே கிடையாது. தெலங்கானாவுல ₹15,000 முதல் ₹20,000 வரை சம்பளத்துக்கு மாசம் ₹150. டெல்லி, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான்ல இந்த வரியே இல்லை. ₹18,000 சம்பளம் வாங்குற நம்ம ஊர் ஆலை ஊழியரும், ₹1,80,000 வாங்குற சென்னை ஐடி ஊழியரும் ஏறக்குறைய ஒரே தொழில் வரி கட்டுறாங்க. இதைப் பத்தி யாரும் பேசுறதே இல்லை.

இப்போ ஒரு குடும்பத்தின் பத்து வருஷக் கணக்கு

ஒரு கற்பனைக் குடும்பம். பட்டாசு ஆலையில போர்மேன், மாசச் சம்பளம் ₹18,000. பத்து வருஷத்துல ₹20 லட்சத்துக்கு ஒரு வீடு, ₹90,000-க்கு ஒரு பைக், மாசம் 25 லிட்டர் பெட்ரோல். பெட்ரோல்ல நம்ம விலையை விட எவ்வளவு கூடுதல்னு மட்டும் சேர்த்திருக்கேன்.

தமிழ்நாடு:
வீட்டுப் பதிவு ₹1,80,000 + பைக் ₹9,000 + தொழில் வரி அதிகபட்சம் ₹25,000 = ₹2,14,000

தெலங்கானா:
வீடு ₹1,50,000 + பைக் ₹10,800 + தொழில் வரி ₹18,000 + பெட்ரோல் கூடுதல் ₹18,000 = ₹1,96,800

கர்நாடகா:
வீடு ₹1,52,000 + பைக் ₹10,800 (செஸ் தனி) + தொழில் வரி இல்லை + பெட்ரோல் கூடுதல் ₹6,000 = ₹1,68,800

கேரளா:
வீட்டுக்கும் பெட்ரோலுக்கும் மட்டுமே ₹2,18,000. நம்ம மொத்தத்தையே தாண்டிடுச்சு

இந்தக் கணக்கு சொல்ற விஷயம் ரொம்ப எளிமை. பத்து வருஷமா பங்க்ல மிச்சம் பிடிச்ச ₹18,000-ஐ, பத்திர ஆபீஸ் ஒரே நாள்ல ₹30,000-ஆ திருப்பி எடுத்துக்குது. இதே குடும்பம் வீடே வாங்காம வாடகையில இருந்தா? தமிழ்நாடு ₹34,000, தெலங்கானா ₹46,800. அப்போ நாம தெலங்கானாவை விட மலிவு!

ஆக "தமிழ்நாட்டுல வரி அதிகமா"ங்கிற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. அன்றாடச் செலவுல நடுத்தரம். வாழ்க்கையில ஒருமுறை, ரெண்டுமுறை பண்ற பெரிய செலவுல கனம்.

இன்னொன்னு. ₹20 லட்சம் வீடு பெங்களூருலயும் ஹைதராபாத்லயும் எங்க கிடைக்கும்னு நீங்களே சொல்லுங்க. அங்க சதவீதம் குறைவு, ஆனா வீட்டு விலை அதிகம். கட்டற வரி ரூபாயில அங்கதான் கூட வரும்.

சிவகாசி பட்டாசு வரி எங்க போகுது?

நாட்டோட பட்டாசுல பெரும்பகுதி இங்கதான் தயாராகுது. அப்போ அந்த வரியால நம்ம மாநிலம் கொழிக்கணுமே? இல்லை.

ஜிஎஸ்டி, பொருள் எங்க செலவாகுதோ அங்க போற வரி. ₹1 லட்சம் சரக்குக்கு 18%, அதாவது ₹18,000 வரி. மதுரைக் கடைக்குப் போனா ₹9,000 மத்திய அரசுக்கு, ₹9,000 தமிழ்நாட்டுக்கு. அதே சரக்கு லக்னோ கடைக்குப் போனா ₹9,000 மத்திய அரசுக்கு, ₹9,000 உத்தரப் பிரதேசத்துக்கு. நமக்குப் பூஜ்யம். ஜிஎஸ்டிக்கு முன்னாடி, மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்குக்கு மத்திய விற்பனை வரி 2%, அதாவது ₹2,000 ஆவது சரக்கு கிளம்புற மாநிலத்துக்குக் கிடைச்சது.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. சூரத் சேலையை விருதுநகர்ல வாங்கினா குஜராத்துக்குப் பூஜ்யம், பங்கு நமக்கு. ஆனா நம்ம மாவட்டம் மாதிரி செஞ்சு அனுப்புற ஊர்களுக்கு, உழைப்பும் ஆபத்தும் இங்க, வரி வேற இடத்துலன்னு ஒரு வருத்தம் இருக்கத்தான் செய்யும்.

இதுக்கும் உங்க பத்திரச் செலவுக்கும் தொடர்பு இருக்கு. ஜிஎஸ்டி விகிதம் மாநிலத்தின் கையில இல்லை. ஜிஎஸ்டி இழப்பீடு 2022 ஜூன் மாசத்தோட முடிஞ்சது. மத்திய வரிப் பகிர்வுல 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் தமிழ்நாட்டுக்குக் கொடுத்த பங்கு 4.079%. உத்தரப் பிரதேசத்துக்கு 17.939%. மக்கள்தொகை, பின்தங்கிய நிலை எல்லாம் பார்த்துப் பிரிக்கிற சூத்திரம் அது. மிச்சத்தை மாநிலம் சொந்தமா தேடணும். அப்போ கையில இருக்குற குழாய்களைத்தான் திருகுவாங்க. 2022-ல தெலங்கானா வாகன வரியை ஏத்துச்சு, 2023-ல தமிழ்நாடு. 2024-ல கர்நாடகா பெட்ரோல் வரியை ஏத்துச்சு, 2025-ல பதிவுக் கட்டணத்தை. கட்சி எதுவா இருந்தாலும் வழி ஒண்ணுதான். இனியும் இப்படித்தான் போகும்னு எதிர்பார்த்து நம்ம பட்ஜெட்டைப் போட்டுக்கணும்.

நீங்க செய்ய வேண்டியது

1. வீட்டு பட்ஜெட்டுக்கு மேல 9% தனியா எடுத்து வைங்க. பெரும்பாலானவங்க சறுக்குறது இங்கதான். ₹10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு, கடன் அளவைக் கணக்கிடும்போது முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் பேங்க் சேர்க்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. ₹20 லட்சம் வீட்டுக்கு உங்க பங்கு போக ₹1,80,000 ரொக்கமா கையில இருக்கணும். கடைசி நேரத்துல கந்துவட்டிக்கு ஓடாதீங்க.

2. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி பதிவுத்துறை இணையதளத்துல அந்தத் தெரு அல்லது சர்வே நம்பரோட வழிகாட்டி மதிப்பைப் பாருங்க. கிரய விலை, வழிகாட்டி மதிப்பு ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் வரி.

3. ₹10 லட்சத்துக்குள்ள உள்ள மனை, வீடு, விவசாய நிலம்னா வீட்டுப் பெண்கள் பேர்ல பதிவு பண்ணுங்க. 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்துல 1% குறைவு. ₹10 லட்சத்துக்கு ₹10,000 மிச்சம். கூடவே அம்மா பேர்லயோ மனைவி பேர்லயோ ஒரு சொத்து.

4. அப்பா சொத்து பிள்ளைகளுக்கு வரணும்னா கிரயம் போடாதீங்க. குடும்பத்துக்குள்ள செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1%, அதிகபட்சம் ₹40,000. பதிவுக் கட்டணம் அதிகபட்சம் ₹10,000. ₹60 லட்சம் வீட்டுக்குக் கிரயம்னா ₹5,40,000, செட்டில்மெண்ட்னா ₹50,000. ஆனா எழுதிக் கொடுக்கிற பெரியவங்க ஒண்ணை யோசிக்கணும்: கையெழுத்துப் போட்ட பிறகு சொத்து உங்களோடது இல்லை. கடைசி வரை பராமரிக்கணும்ங்கிற நிபந்தனையைப் பத்திரத்துலயே எழுதி வாங்குங்க.

5. விலையைக் குறைச்சுக் காட்டி வரி மிச்சம் பிடிக்கலாம்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க. நாளைக்கு நீங்க விற்கும்போது வாங்கின விலை பத்திரத்துல குறைவா இருக்கும். மூலதன ஆதாய வரி உங்க தலையில விழும்.

6. பழைய வரி முறையில இருக்கீங்களா? வீட்டுக்குக் கட்டின முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும், கட்டின வருஷத்துல 80சி பிரிவின் ₹1.5 லட்சம் வரம்புக்குள்ள காட்டலாம். புதிய முறையில இது கிடையாது.

7. பட்டாசு வாங்கினாலும் விற்றாலும் பில்லோட. பில் இல்லாத சரக்குல வரி எந்த மாநிலத்துக்கும் போகாது, விற்கிறவர் பாக்கெட்டுக்குத்தான் போகும். வெளிமாநிலத்துக்கு அனுப்புற வியாபாரிகள் கவனத்துக்கு: உள்ளூர் விற்பனைக்கு ₹40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனா மாநில எல்லை தாண்டி சரக்கு வித்தா முதல் ரூபாயில இருந்தே பதிவு வேணும். ஆன்லைன்ல பட்டாசு விக்கிறதுக்கு 2018-லயே சுப்ரீம் கோர்ட் தடை போட்டிருக்கு.

மாநிலம் மாறிப் போய் வரியை மிச்சம் பிடிக்கிறது நடக்கிற காரியம் இல்லை. ஆனா எந்தச் செலவுல வரி கனமா விழும்னு தெரிஞ்சு, அந்தப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி, சட்டமே கொடுத்திருக்கிற சலுகையைப் பயன்படுத்துறது நம்ம கையில இருக்கு. ₹10 லட்சம் மனையை யார் பேர்ல பதியணும்ங்கிற ஒரு முடிவுலயே ₹10,000 நிக்குதுன்னா, அது பல வருஷத்து பெட்ரோல் மிச்சத்துக்குச் சமம்.

இந்த வருஷம் மனை பார்த்துட்டு இருக்கிற நண்பர் ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க. உங்க ஊர் வழிகாட்டி மதிப்பை வச்சுக் கணக்குப் போடுறதுல சந்தேகம் வந்தா கமெண்ட்ல கேளுங்க. அடுத்த வீடியோவுல செட்டில்மெண்ட், உயில், பாகப்பிரிவினை மூணுல எது யாருக்குப் பொருந்தும்னு பார்ப்போம்.